வெள்ளை சாக்கெட்

பதினொரு வருடமாக வெல்டரின் தொண்டையில் இரண்டு சொல் மீன் முள் மாதிரி நிற்கிறது. கண்ணாடி போடலை. லாரி ஷெட் முதலாளி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, கைபேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டே, வேலையில் கண்ணுக்கு மாட்டுகிற கண்ணாடியைப் பற்றி யாரிடமோ சொன்னது. உள்ளே வெல்டரின் அக்கா புருஷன் இடது கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டிப் படுத்திருக்கிறார். அந்தக் கண் இனி கிடையாது என்று டாக்டர் சொல்லி அரை மணிகூட ஆகவில்லை. அதற்குள் அந்த ஆள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார். "அவன் கண்ணாடி போடலை. அதுக்கு நான் என்ன பண்ண?" மறுநாள் ஷெட் முழுக்க அதே பேச்சு. ஒரு வாரத்தில் வந்து போகிற டிரைவர்கள் வாயிலும் அதே பேச்சு. பதினெட்டு வருடம் அந்த ஆளின் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மனுஷனுக்குக் கிடைத்த நற்சான்றிதழ் அதுதான்.

அவர் மெக்கானிக். ஷெட்டில் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொருதரம்'. எந்த நட்டை முடுக்கினாலும், முடுக்கிக் கையைத் துடைத்த பிறகும், கிளம்புகிற வண்டியை நிறுத்தி, "இன்னொருதரம் பார்த்துடுறேன்" என்று ஸ்பேனரோடு குனிவார். டிரைவர் ஹாரன் அடிப்பான், கத்துவான். அவர் பாட்டுக்கு அவர். இவர் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிடும் என்று ஒரு டிரைவர் கேலி செய்தால், எல்லோருக்கும் முன்னால் அவரே சிரிப்பார். ஆனால் அவர் கைபட்டுப் போன வண்டியில் ஒரு சக்கரம் கழன்றது என்று யாரும் வந்து நின்றதில்லை.

நடந்தது என்னவென்று தெரிய வேண்டுமானால் ஏர் கன்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். காற்றழுத்தத்தில் ஓடுகிற துப்பாக்கி அது. உள்ளே ஒரு சுத்தியல் நொடிக்குப் பல தடவை அடித்து அடித்து நட்டைக் கழற்றும். அதன் மூக்கு அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று அளவில் வரும்; அதில் மாட்டி நட்டைக் கவ்வுகிற குழல்தான் சாக்கெட். அதில் இரண்டு வகை. கையால் திருப்புவதற்கு வெள்ளை. முலாம் பூசிப் பளபளவென்று இருக்கும். கெட்டிதான், ஆனால் வறட்டுக் கெட்டி. சுத்தியல் அடி விழுந்தால் வளைந்து கொடுக்காது, பீங்கான் மாதிரி தெறிக்கும். கன்னுக்கு மாட்டுவது கறுப்பு. சுவர் தடிப்பு, முகம் அடுப்புக்கரி. அழகு கிடையாது. அடி முழுவதையும் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். நட்டின் அளவைச் சொல்கிற நம்பர் மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. முப்பத்திரண்டு என்றால் வெள்ளையும் முப்பத்திரண்டு, கறுப்பும் முப்பத்திரண்டு. சனியன் குடியிருப்பது அங்கேதான்.

ஷெட்டில் இருந்த முப்பத்திரண்டு கறுப்பு வாய் தேய்ந்து நட்டில் வழுக்க ஆரம்பித்தது. மெக்கானிக் சிகரெட் அட்டையைக் கிழித்து முதலாளியிடம் எழுதிக் கொடுத்தார்: முக்கால் இஞ்ச், முப்பத்திரண்டு, ஆறு மூலை, கறுப்பு. கறுப்பு என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. வந்து சேர்ந்ததோ ஒரு பெட்டி வெள்ளை. பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட்டில் நான்கு நட்டு. முதல் இரண்டும் வந்தன. மூன்றாவது துருவேறியது. கன் அதன்மேல் கத்திக்கொண்டிருந்தபோதே சாக்கெட் இரண்டாகப் பிளந்து, விரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு மேலே போயிற்று. அவர் முகம் அதற்கு நேர் மேலே இருந்தது.

வெல்டர் இந்தக் கதையை டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில், கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும், "முதலாளி வெள்ளையை வாங்கிக் குடுத்தான்" என்றுதான் சொல்வான். ஒரு இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவான். முதலாளி கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனது அவன்தான்.

கறுப்பு வர இரண்டு நாள் ஆகும் என்றார் கடைக்காரர். வெள்ளை செட் ஒன்றை எடுத்து வைத்தார். நீல வெல்வெட் மெத்தையில் ஒவ்வொன்றும் மோதிரம் மாதிரி படுத்திருந்தது. போன் போட்டதற்கு முதலாளி, நம்பர் ஒன்றுதானே, வண்டி மத்தியானம் லோடுக்குப் போகணும், இருக்கிறதைத் தூக்கிட்டு வா என்று வைத்துவிட்டார். வெல்டர் வாயைத் திறந்தான், மூடினான். இரும்பை உருக்கி ஒட்டுகிறவனுக்கு எது வளையும் எது தெறிக்கும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். வெயிலில் வந்திருந்தான். திரும்பிப் போய் அந்த ஆளோடு மல்லுக்கு நிற்க வேண்டும். பெட்டியோ பார்க்க அம்சமாக இருந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆக, அவன் கோபத்துக்கு இரண்டு வாய். ஒன்று முதலாளியைக் கடித்தது. இன்னொன்று யாருக்கும் தெரியாமல் அவனையே தின்றது. முதல் வாயை நன்றாகத் தீனி போட்டு வளர்த்தான், இரண்டாவதன் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. முதலாளியின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு, வெல்டிங் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டை விட்டு வந்தான். அக்கா அவனைப் பாராட்டவும் இல்லை, வையவும் இல்லை. புருஷனுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு ஆறியிருக்கும். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

மெக்கானிக் நான்கு மாதம் வீட்டில் இருந்தார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. நட்டில் வைக்கிற ஸ்பேனர் விரற்கடை தள்ளிப் போய் விழும். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிப் பழகினார். பாதி வெளியே போகும். அக்கா துணியால் துடைத்துவிட்டு மறுபடி சொம்பை நிரப்பி வைப்பாள். துணி காய்ந்திருந்த நாளில், வேலைக்குப் போகிறேன் என்று எழுந்தார். பழைய ஷெட்டுக்கு அல்ல. மரக்கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை பிடித்தார். ஒரு பழைய கம்ப்ரெசர் வாங்கிப் போட்டார். வெல்டரும் தன் மெஷினைக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்தான். சின்ன வேன்கள் வர ஆரம்பித்தன. அடுத்து கன் வாங்க வேண்டும்.

"அவரு இடது பக்கமா நடந்து போ. வண்டி வர்றது அந்தப் பக்கம் தெரியாது" என்று மட்டும் அக்கா சொல்லி அனுப்பினாள்.

மெக்கானிக் கடைக்கு வெறுங்கையோடு போகவில்லை. ஒரு சாக்கு மூட்டை. அதில் கொட்டகையின் காற்றுக் குழாய் ஒரு சுருள், துருப்பிடித்துச் செத்துப்போன நட்டு போல்ட்டோடு ஒரு இரும்புத் துண்டு. கடைக்காரர் மூன்று கன்னை மேசையில் வைத்து, பெரியதின் அட்டையில் இருந்த எண்ணைத் தட்டிக் காட்டினார். இது யானையையே கழற்றும் என்றார். யானைக்கு நட்டு எங்கே இருக்கிறது என்று மெக்கானிக் கேட்டார். கடைப் பையன்கள் சிரித்தார்கள். வெல்டர் சிரிக்கவில்லை. அதே கடை, அதே மேசை, அதே கடைக்காரர். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

மெக்கானிக் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கன்னையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து மனசுக்குள் நூறு எண்ணினார். வண்டிக்கு அடியில் வேலை அப்படித்தான். தரையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் லேசு. பெரியது அறுபதில் கையை நடுக்கியது, கீழே வைத்துவிட்டார். விசையை நுனி விரலால் மெல்ல அழுத்தி, மெதுவாகக் கிளம்புகிறதா, எடுத்த எடுப்பிலேயே குதிக்கிறதா என்று பார்த்தார். அடித்த காற்று எந்த வழியாக வெளியே வருகிறது என்று கன்னத்தை வைத்துப் பார்த்தார். இரண்டாவது கன் முன்பக்கமாக ஊதியது. துருத்தூளை மூஞ்சியில் ஊதுகிற சாமான் எனக்கு வேண்டாம், இருக்கிறது ஒன்றுதான் என்று தள்ளினார். மூன்றாவது கைப்பிடி வழியாகக் கீழே ஊதியது.

பிறகுதான் கடைக்காரர் முகம் மாறியது. மெக்கானிக் கடைக் குழாயைப் பிடுங்கிவிட்டுத் தன் குழாயை மாட்டச் சொன்னார். கடைக் கம்ப்ரெசரில் அழுத்தம் காட்டுகிற முள்ளையும் தன்னுடையது தருகிற அளவுக்கு இறக்கச் சொன்னார். "உங்க கடைக் காத்துல எல்லா கன்னும் வீரன்தாங்க. என் காத்துல எவன் நிக்கிறான்னு பார்ப்போம்." சாக்கிலிருந்த செத்த நட்டில் மூன்றாவதை வைத்து அழுத்தினார். நான்கு மூச்சு அடித்தது. நட்டு சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. அரை இஞ்ச் கன், நடுத்தரம், அட்டையில் பெருமை எதுவும் இல்லாதது. அதுவே போதும் என்றார்.

சாக்கெட்டைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கறுப்பு செட்டில் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் போட்டு, கட்டைவிரலை உள்ளே விட்டு ஆறு மூலையையும் தடவினார். சுவரின் தடிப்பைப் பிடித்துப் பார்த்தார். கன்னோடு பூட்டுகிற பின்னுக்கு ஓட்டை இருக்கிறதா என்று நகத்தால் தேடினார். குட்டை ஒரு வரிசை, நீளம் ஒரு வரிசை. பதினேழிலிருந்து இருபத்திநாலு வரை.

கடைக்காரர் நல்ல மனசோடுதான் செய்தார். கன் வாங்கியதற்கு இனாமாக ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வைத்தார். நீல வெல்வெட். வெள்ளை சாக்கெட். கையில பளிச்சுன்னு இருக்கும்ணே, கன்னுக்கும் பொருந்தும் என்றார்.

வெல்டருக்கு அதற்குப் பிறகு தான் என்ன செய்தோம் என்பது சரியாக நினைவில்லை. பெட்டி தரையில் கிடந்தது, சாக்கெட்டுகள் தெரு வரைக்கும் உருண்டு ஓடின. கடைக்காரரின் தாய் தகப்பனிலிருந்து முதலாளியின் பரம்பரை வரை ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இவரு கண்ணு போச்சு என்று கத்தினான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

மெக்கானிக் குனிந்து, தடவித் தடவிச் சாக்கெட்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினார். கடைசி ஒன்று வெல்டரின் காலடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மாப்ளே, அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தவன் நீ. பிரிச்சுப் பார்த்து, வெள்ளைன்னு தெரிஞ்சே மாட்டினவன் நான். கையில கன்னைப் பிடிச்சிருந்தவன் நான். சும்மா இவரைப் போட்டுத் திட்டாதே."

இத்தனை நாளும் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறார். வெல்டருக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. திட்டித் தொலைத்திருந்தால் என்ன? ஒரு அறை விட்டிருந்தால் என்ன? இவர் பெரிய மனுஷனாக இருந்து என்னைச் சின்ன மனுஷனாக்குகிறார் என்று மனசு கொதித்தது. ஆனால் வீடு வரை அவர் இடது பக்கமாகவேதான் நடந்தான்.

அந்தக் கன் ஒன்பது வருடம் ஓடியது. காலையில் அதன் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விடாமல் மெக்கானிக் டீ குடிக்க மாட்டார். கழற்றத்தான் கன், முடுக்கி முடிக்கக் கைதான் என்ற பிடிவாதத்தையும் விடவில்லை. லாரிகளும் வர ஆரம்பித்ததும் முக்கால் இஞ்சில் ஒரு பெரிய கன், அதற்குக் கறுப்பு செட் ஒன்று. கண்ணாடியும் போட்டார், கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வெல்டருக்கு அந்த வராந்தா ஞாபகம் வந்து எரியும்.

போன மாதம் அவர் நெஞ்சில் தண்ணீர் கோத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். ஒன்பதாம் நாள் பார்வை நேரத்தில் பழைய டிரைவர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பேச்சோடு பேச்சாக, பழைய ஷெட்டில் இப்போது புது ஆட்கள் மூன்று பேர், கறுப்பு தேய்ந்துபோய் வெள்ளையைத்தான் கன்னில் மாட்டி ஓட்டுகிறார்கள், முதலாளி கண்ணாடி போட்டுக்கங்கடா என்று மட்டும் சொல்கிறார் என்றார். டிரைவர் போனதும் மெக்கானிக் வெல்டர் பக்கம் தலையைத் திருப்பினார்.

"நம்ம முக்கால் இஞ்ச் செட்டைக் கொண்டுபோய் அங்க குடுத்துட்டு வா மாப்ளே."

"அந்த ஆளுக்கா? என்னைக் கொன்னாலும் மாட்டேன் மச்சான். கண்ணாடி போடலைன்னு சொன்ன வாய் அது."

"போடலைதானே."

வெல்டர் கட்டில் கம்பியைப் பிடித்தான். கம்பி ஆடியது. செவிலி திரும்பிப் பார்த்தாள். செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன், அந்த ஆளுக்கு ஒரு திருகாணிகூடத் தர மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"அந்த ஆளா வண்டிக்கு அடியில படுக்கிறாரு?" என்றார் மெக்கானிக்.

மூச்சு வாங்குவதற்காக அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். மறுநாள் காலையில் தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. அதனால் அன்று அவர் கண்ணைத் திறந்து சொன்னதுதான் கடைசி.

"நீயே போ, யார்கிட்டயும் குடுத்து அனுப்பாதே. ஓனர்கிட்ட குடுக்காதே, கன்னு பிடிக்கிறவன் கையில குடு. வெள்ளையைத் தூக்கி எறிஞ்சு சண்டை வளர்க்காதே, கைவேலைக்கு ஆகும். கன்னு பக்கத்துல மட்டும் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எண்ணிப் பார்த்துட்டு வா."