கடைசித் தாளின் ஓரம்

இவ்வாரம் நானே கண்டதையும், உரியவர் வாயால் கேட்டதையும் தவிர வேறெதையும் எழுதுவதாக இல்லை. காரணம் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன், நம் இதழில் அண்மையில் முடிந்த இரு தொடர்கதைகளைப் பற்றி இதே பக்கத்தில் எழுதினேன். ஒன்று கடலடி மாயத் தீவு. மற்றொன்று செவ்வாய்க்குப் போகும் விண்கலம். ‘வாசகர் உலகமே மெய்ம்மறந்து நின்றது’ என்று முடித்திருந்தேன்.

வாசகர் உலகத்தை நான் எங்கே கண்டேன்? அது போகட்டும் – இரண்டு கதைகளின் கடைசி அத்தியாயங்களையும் அப்போது நான் படித்திருக்கவே இல்லை. சொல்லில் கண்டிப்பு வேண்டும் என்று பிறருக்கெல்லாம் எடுத்துரைப்பவன்... வெட்கம்தான்.

புதுவாயலிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது.

‘ஐயா, வாசகர் உலகம் என்கிறீர்கள். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் இக்கதைகளைப் படித்தவர்கள் இரண்டே பேர். எங்கள் இருவருக்கும் ஒரு வாரம்கூட ஒத்துப்போனதில்லை. யாரைக் கேட்டு எழுதினீர்கள்? இப்படிக்கு, எஸ்தர்.’

இதற்கு எழுத்தில் விடை சொல்லும் துணிவு எனக்கில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்கத்தா சாலையில் போகும் பஸ் ஒன்றில் ஏறிப் புதுவாயல் சந்திப்பில் இறங்கினேன்.

எஸ்தருக்கு இருபத்து நான்கு வயதிருக்கலாம். கும்மிடிப்பூண்டியில் கண்ணாடிப் புட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், புட்டிகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. தந்தை பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், இப்போது இல்லை. நான் போனபோது தாயும் மகளும் கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

“நெஜமாவே வந்துட்டீங்களா சார்!” என்றவர், உள்ளே போய் ஒரு தொகுப்பை எடுத்து வந்தார். விண்கலக் கதை – வாராவாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்தது. பெட்டி கட்டும் சணலால் தைத்திருந்தார்.

“பைண்டரிடம் கொடுத்திருக்கலாமே?”

“அவன் ஓரத்தை வெட்டிப்புடுவான் சார்.”

“ஞாயித்துக்கெழமையானா இத்தத் தொறந்து வச்சிக்கினு குந்திக்குவா சார்,” என்றார் தாயார். “பைபிள்லகூட இவ்ளோ எழுதி வச்சது கெடையாது.”

“நீ கொஞ்சம் சும்மா இரும்மா.”

ஓரங்களைப் பார்த்தேன். பக்கந்தோறும் பென்சில் எழுத்து. அது எஸ்தரின் கையெழுத்தன்று. கஸ்தூரி என்ற தோழியுடையது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெண். அதே தொழிற்சாலையில் அடுத்த இருக்கை. இருவரும் சேர்ந்து ஓர் இதழ் வாங்குவார்கள். விண்கலம் எஸ்தருக்கு, மாயத் தீவு கஸ்தூரிக்கு. தாள்களைப் பிரித்துக்கொள்ளும் முன் ஒரு விதி: தன் கதையைத் தான் புகழக் கூடாது, அடுத்தவள் கதையின் ஓரத்தில் தன் தீர்ப்பை எழுதியே கொடுக்க வேண்டும்.

இத்தனை நேர்மையான விமர்சனத்தை நான் எந்த இதழிலும் கண்டதில்லை. சில வரிகளை உள்ளபடியே தருகிறேன்.

‘ஆறு மாசம் போறானுங்க. சோறு யார் ஆக்கறது?’

‘இங்க காத்தே இல்லன்னு போன வாரம் சொன்னான். இந்த வாரம் கொடி பறக்குது. யாரு ஊதினது?’

கடைசி அத்தியாயம் நீங்கலாக, அத்தொடரின் அச்சுப்படியைத் திருத்தியவன் நான். ஒற்றுப்பிழை ஒவ்வொன்றையும் களைந்தேன். கொடி பறந்தது என் கண்ணில் படவில்லை.

மற்றொரு பக்கத்தில் இப்படி: ‘ஊட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாம கெளம்பிட்டானுங்க. நானா இருந்தா சொல்லிட்டுத்தான் போவேன்.’

அவ்வரியில் என் விரல் நின்றது. எஸ்தர் சட்டென்று பக்கத்தைப் புரட்டினார்.

“நீங்கள் அவர் கதைக்கு என்ன எழுதினீர்கள்?”

“அது அவகிட்ட இருக்குது சார். ஒண்ணு ஞாபகம் இருக்கு. ‘கடலுக்கடியில மீனெல்லாம் பேசுது. உங்கப்பா வலை போடறப்போ ஏண்டி பேசல?’ன்னு எழுதுனேன். அவ கீழயே எழுதுனா – ‘பேசும். உனக்குத்தான் கேக்காது.’” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

விண்கலக் கதையில் அப்படி என்ன கண்டார்? அதையும் கேட்டேன்.

“நடுவுல ஏழு வாரம் அந்த விஞ்ஞானி லெக்சர் குடுத்துக்கினே இருந்தாரு. பேஜாரு சார். ஆனா முடிவு... அஞ்சு பேரு போறாங்க, திரும்பி வர நாலு பேருக்குத்தான் எரிபொருள். ஒருத்தன் ‘நான் இருந்துக்கறேன்’னு அவனே சொல்றான். எங்கப்பாவை யாரும் கேக்கல சார். இந்த நெலத்துல இருன்னாங்க, இருந்தாரு. இவன் தானா சொல்றான் பாருங்க, அதான்.”

ஏழு வாரச் சொற்பொழிவு பற்றிய தீர்ப்பை அப்படியே ஏற்கிறேன். முடிவைப் பற்றிக் கஸ்தூரியின் தீர்ப்பு என்ன என்று பார்க்க விரும்பினேன்.

தொகுப்பைக் கடைசிவரை புரட்டினேன். அந்த முடிவு அதில் இல்லை!

காகிதத் தட்டுப்பாட்டால் நம் இதழின் பக்கங்கள் குறைந்த வாரம் அது. இரு தொடர்களின் இறுதிப் பக்கங்களும் ஒரே தாளின் முன்னும் பின்னுமாக அச்சாயின. அலுவலகத்தில் எங்களுக்கு அது சிக்கனம். இங்கே? ஒரு தாளை இருவர் எப்படிப் பிரித்துக்கொள்வது?

அவ்விதழை நான் பையில் கொண்டு போயிருந்தேன். பெருமிதத்தோடுதான் நீட்டினேன். எஸ்தர் வாங்கினார். நிதானமாக இருபுறமும் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“கதை எனக்கு மனப்பாடம் சார். இதுல ஓரம் வெறுமையா இருக்குதே.”

பிறகுதான் விவரம் வந்தது.

கடைசி இதழை முதலில் படித்தவர் எஸ்தர். மாயத் தீவின் இளவரசி, தன்னைக் கைப்பிடித்தவனோடு கரையேறி, ஒருவரிடமும் சொல்லாமல், திரும்பிப் பாராமல் போய்விடுகிறாள். விதிப்படி அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எஸ்தர் எழுதினார்: ‘போறவளுக்கு வாய் இல்லையா? வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவ முட்டாள். அவளைத் தலைல தூக்கி வச்சிக்கினு ஆடுற நீயும் முட்டாள்.’ சனிக்கிழமை தொழிற்சாலை வாயிலில் தாளைக் கொடுத்தார். “பின்னாடிப் பக்கத்துல நீ எழுதிக்கினு வா. யாரு வச்சிக்கறதுன்னு திங்கக்கெழமை பேசிக்கலாம்.”

திங்கட்கிழமை கஸ்தூரி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

மூன்றாம் வாரம் எஸ்தர் குப்பத்துக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. “பொண்ணை ஆந்திரா பக்கம் கட்டிக் குடுத்துட்டாங்கம்மா. ஊட்ல எல்லாருமே அங்கதான் போய்க்கீறாங்க. ஊரு பேரு வாயில நொழையல” என்றாராம் அண்டை வீட்டுப் பெண். இது எஸ்தர் சொல்ல நான் கேட்டது. அப்பெண்ணை நான் கண்டு பேசவில்லை.

“கல்யாணம்னு எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சா அப்படி எழுதுவனா? சும்மா வெளயாட்டுக்கு... எப்பவும் எழுதற மாதிரிதான் எழுதுனேன்.”

தாயார் இப்போது வேடிக்கை பேசவில்லை. “பக்கத்து சீட்ல வேற பொண்ணு வந்துடுச்சி சார். அதாண்ட இவ பேசறதே இல்ல,” என்றார் மெதுவாக.

வழியனுப்ப எஸ்தர் சந்திப்புவரை நடந்து வந்தார். பஸ் கண்ணில் பட்ட பிறகே கேட்டார்: “நீங்க எழுதுனா, அங்க வருமா சார் நம்ம பத்திரிகை?”

ஆயிரம் ஊர்களுக்குப் போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். “தெரியாது அம்மா,” என்றேன். மூன்று வாரங்களில் நான் பழுதறச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

விண்கலம் செவ்வாய்க்குப் போகிறது. அங்கேயே தங்கிவிட்டவனின் குரல் கடைசிவரை வானொலியில் பூமிக்கு வந்து சேர்கிறது. பழவேற்காட்டு ஏரியின் அக்கரையிலிருந்து ஒரு சொல் வர வழியில்லை. கற்பனைக் கதை எழுதுவோர் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, தெரியாதவை. கஸ்தூரி இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்பது தெரியாது. அந்தச் சனிக்கிழமை தாளை வாங்கியபோது திருமணம் அவருக்குத் தெரிந்திருந்ததா, தெரியாது. எஸ்தரின் வரியைப் படித்தாரா, படித்து வருந்தினாரா, தாளின் மறுபுறத்தில் ஏதேனும் எழுதினாரா – தெரியாது. இந்த இதழ் அவர் கைக்குப் போய்ச் சேருமா என்பதும் தெரியாது.

ஒருவேளை சேர்ந்தால்... இந்தப் பக்கத்தின் ஓரத்தைச் சற்றே அகலமாக விடும்படி அச்சுக்கோப்பவரிடம் சொல்லியிருக்கிறேன்.