சம்பந்தியம்மாவின் வீட்டு ருஷ்யன்

ஒரு முழு ரொட்டி, ஒரு கிண்ணம் உப்பு, த்வாண்டே ஊர் மண்கூஜாவில் தண்ணீர். பர்மாவில், தாகேதாவில் இருக்கும் அத்தை வீட்டு மேசை என்றாலே எனக்கு முதலில் நினைவு வருவது இந்த மூன்றும்தான். வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் அவற்றை வைக்கச் சொன்னவர், அத்தையின் மகளான அக்காவைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா. அவர்கள் வழக்கத்தில் நல்ல காரியம் நடக்கும் மேசையில் அவை இருக்க வேண்டுமாம்.

மாப்பிள்ளை கப்பல் என்ஜினியர். அக்காவோடு ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார். அவர் அம்மாவுக்கோ ருஷ்யன் மட்டும்தான். சுற்றுலா வழிகாட்டியாகும் ஆசையில் மாலை வகுப்பில் ருஷ்யன் படித்துக்கொண்டிருந்த நான்தான் நடுவில். அத்தை முன்பே சொல்லிவிட்டாள்: "அந்தம்மாகூட நான் பேசிப் பாக்கணும். மனசுக்குச் சரின்னு பட்டாத்தான் பொண்ணு." அக்கா தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றாள்.

முதல் வாக்கியத்திலேயே திணறிப்போனேன். அவர்கள் ஜார்ஜியா மலைக்கிராமத்துத் துகபோர்கள். சாமி படமும் கோயிலும் வைத்துக்கொள்ளாத சிறிய கிறித்தவக் கூட்டம். ஜார் காலத்தில் நாடுகடத்தப்பட்டுப் போன இடத்தில் பழைய தெற்கு ருஷ்யப் பேச்சு அப்படியே தங்கிவிட்டது. நான் படித்த 'க' எல்லாம் அவர் வாயில் 'ஹ' ஆனது. நன்றிக்கு 'ஸ்பசீபா' என்று மனப்பாடம் செய்திருந்தேன். அவர் 'ஸ்பசி ஹோஸ்பதி', ஆண்டவர் காக்கட்டும், என்றார். நடுநடுவே ஜெபச் சொற்கள், அக்கம்பக்கத்து மொழிச் சொற்கள். பாடப்புத்தக ருஷ்யனில் பேச முடியுமா என்று கேட்டேன். உடனே மாற்றிக்கொண்டார். நானும் சரளமாக மொழிபெயர்த்தேன். அத்தையின் முகம்தான் சுருங்கிக்கொண்டே போனது.

"ஏன்டி, முன்னாடி மனுஷியாட்டம் பேசிக்கிட்டு இருந்தாங்க. இப்ப ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறாங்க. நீ என்ன சொன்ன?"

"அந்தப் பேச்சு எனக்குப் பாதிதான் புரியுது அத்தை."

"யாபாடே. பாதியச் சொல்லு. மீதிய மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன்."

பரவாயில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் அந்தப் பர்மியச் சொல்தான். மதுரையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒருமுறை அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் முன்னால் அத்தை பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் பேசுவாள். மனதில் உள்ளது எதுவும் வெளியே வராது.

அத்தை சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, பழைய பேச்சுக்குத் திரும்பினார். ஊரில் சில வீடுகள்தான் மிச்சம். பேரப்பிள்ளைகள் வாயில் இந்தப் பேச்சு வராமலே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

"எனக்கும் அதே பயந்தான்னு சொல்லு. எம் பொண்ணே பாதி நேரம் பர்மா பாஷையிலதான் பேசுறா."

நான் சொன்னதைக் கேட்டதும் அந்த அம்மா எழுந்தார். சுவரில் மாலை போட்ட முருகன் படம் இருந்தது. அதன் பக்கம் திரும்பாமல், அத்தைக்கு முன் தரையை நோக்கிக் குனிந்து வணங்கினார். அத்தை பதறி எழுந்தாள். மனிதருக்குள் இருக்கும் கடவுளைத்தான் அம்மா வணங்குகிறார் என்று மாப்பிள்ளை ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னேன். அத்தை ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளும் அதே அளவு குனிந்தாள்.

நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். "என்னடி மரமாட்டம் நிக்கிற? டீ ஆறுது. மொதல்ல உன் மாமியாருக்குக் குடு."

இப்போது நான் வழிகாட்டி. ருஷ்யப் பயணிகள் என் உச்சரிப்பைப் பாராட்டுகிறார்கள். அக்கா கணவரோடு வேறு ஊரில் இருக்கிறாள். சம்பந்தியம்மா ஃபோனில் வரும் நாளில் அத்தை அந்த மண்கூஜாவை நிரப்பி மேசையில் வைக்கிறாள். அவர் 'ஸ்பசி ஹோஸ்பதி' என்கிறார், இவள் 'யாபாடே' என்கிறாள், வெகுநேரம் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.