ஷேடு செக்‌ஷனிலிருந்து ஒரு மணப்பெண்

அழகு நிலையம் வைப்பதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்களிடம் பல்லாவரத்துத் தோல் கம்பெனி என்று சொன்னால், உடனே மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எனக்கு நிறம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்த நாற்றம்தான்.

அங்கே எனக்கு ஷேடு செக்‌ஷனில் வேலை. வெளிநாட்டிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு சாம்பிள் துண்டு வரும். சாயம் போட்ட தோல்மேல் அதை வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் ஜன்னல் வெளிச்சத்தில், பிறகு டியூப் லைட்டில். வெயிலில் ஒன்றாகத் தெரிவது விளக்கில் வேறாகத் தெரியும். எட்டு வருஷம் இதே வேலை. மதிய இடைவேளையில் கூட வேலை செய்த பெண்களுக்கு நூலால் புருவம் எடுத்துவிடுவேன். அந்தப் புருவங்கள் பம்மல், பொழிச்சலூர் என்று தெருத்தெருவாக என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தன.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஓர் அம்மாள் பொழிச்சலூரில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். மகளுக்குக் கல்யாணம், நீதான் அலங்காரம் செய்ய வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்து நாள் லீவு போட்டேன். திங்கட்கிழமை வராவிட்டால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்யாணம் ஞாயிறு. இந்தப் பெண் நன்றாக அமைந்தால் வீட்டு முன்னறையில் பார்லர், சொதப்பினால் திங்கட்கிழமை பழையபடி தோல்.

"மாட்டுத் தோலுக்குக் கலர் பார்த்தவ மனுஷத் தோலுக்குப் பார்க்கப் போறா. நடத்து, நடத்து!" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். ஆனாலும் கோடம்பாக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போனது அவர்தான். சாதாரணக் கடைகளில் இளஞ்சிவப்புப் பவுடரைத் தவிர வேறு கிடைக்காத காலம் அது. சினிமா மேக்கப் சாமான் விற்கும் கடையில் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஏற்ற பான்கேக் பூச்சு கேட்டேன். "அது வில்லனுக்குப் போடுறதும்மா" என்றார் கடைக்காரர். இருக்கட்டும் என்று இரண்டு டப்பா வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன். மண்டபத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெண்ணின் அம்மா சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் நல்ல செவப்பு. இவளை எப்படியாவது வெள்ளையா ஆக்கிடும்மா."

பெண் நல்ல கறுப்பு, களையான முகம். தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்தது. ஆனால் முதல் ஆர்டர் ஆயிற்றே! வாயை மூடிக்கொண்டு, வில்லன் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே வெளுத்த டப்பாவைத் திறந்து அப்பினேன். டியூப் லைட்டில் சுமாராகத்தான் இருந்தது. எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்களோ அந்த வெளிச்சத்தில் பார்க்காமல் ஒரு துண்டுத் தோலைக்கூட நான் அனுப்பியதில்லை. அன்றைக்கு ஒரு பெண்ணையே அனுப்பிவிட்டேன்.

மேடையில் வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். ஐயோ! முகம் சாம்பல் பூசணிக்காய் மாதிரி பூத்துப்போய் இருந்தது. கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். முன்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

புடவை மாற்றும் நேரம் என்று சொல்லிப் பெண்ணை உள்ளே இழுத்துவந்தேன். பிறகு வீடியோக்காரரிடம் ஓடி, விளக்கோடு அறைக்கு வாருங்கள் என்றேன்.

"இன்னாக்கா நீ, பேஜார் பண்றே! லைட்ட அங்க எத்துகினு வந்தா இங்க இன்னாத்த புடிக்கிறது?"

"பொண்ணே உள்ள இருக்கா. மாப்பிள்ளையை மட்டும் எவ்வளவு நேரம்தான் புடிப்பீங்க? வாங்கண்ணா!"

முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அந்த அனல் விளக்கைப் பெண்ணின் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். பூசியதையெல்லாம் கழுவித் துடைத்தேன். கழுத்துதான் என் சாம்பிள் துண்டு. இரண்டு வில்லன் டப்பாக்களையும் குழைத்து, கழுத்துக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்வரை மெலிசாகத் தடவினேன். கண்ணுக்கு மட்டும் அடர்த்தியாக மை.

பெண் கண்ணாடியைப் பார்த்தாள். "அக்கா, நான் நானாவே இருக்கேன்" என்று சிரித்தாள். "ஷோக்கா கீதுக்கா" என்று வீடியோக்காரரும் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

மேடைக்கு வந்த மகளைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணி வெச்சிருக்கே?" என்று என் காதருகில் சீறினார். பந்தியில் என் பக்கமே திரும்பவில்லை. சரி, திங்கட்கிழமை டிபன் பாக்ஸைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் செய்ததை நினைத்து எனக்குத் துளிகூட வருத்தமில்லை.

ஞாயிறு காலை முகூர்த்தத்துக்கும் பெண்ணை அவள் நிறத்திலேயே அலங்கரித்து அனுப்பினேன். சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டார். சண்டைதான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"நேத்து சம்பந்தியம்மா என் பொண்ணு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாங்க. பவுடர்கூடப் போடலையா, இவ்வளவு லட்சணமா இருக்கியேன்னாங்க" என்றார்.

பிறகு குழாயைத் திறந்து, முகத்தில் திட்டுத்திட்டாக இருந்த பவுடரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அப்போதுதான் பார்த்தேன், மகளின் அதே கறுப்பு, அதே களை. ஈர முகத்தோடு என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து இதைப் பூசிக்கிட்டே இருக்கேன். எனக்கும் என் கலர்லயே போடேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெளியே "பொண்ணோட அம்மா எங்கே, நேரமாச்சு!" என்று கூப்பிட்டார்கள்.

"இருங்க, வர்றேன்!" என்று கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் குரல் கொடுத்தார். தோல் கம்பெனிக்கு இனிமேல் போகப்போவதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.