அடிமைப் பாடமும் இரவல் தார்க்குச்சியும்

பிள்ளைகள் பார்த்தே இராத இமயமலையைச் சொல்லிக்கொடுப்பது வாத்தியார் வேலையில் சுலபமான பகுதி. தினமும் தெருவில் பார்ப்பதைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் தொண்டை வறண்டு போகும். ஆரம்பப் பள்ளியில் சுண்ணாம்புத் தூள் தின்று காலம் தள்ளிய என் கூட்டாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் எட்டாவது தேறி, இரண்டு வருடம் பயிற்சி பெற்றவன். அதற்கு மேல் படிப்பில்லை. பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. எண்ணிக்கை மட்டும் யார் முன்னாலும் தவறாது. யுத்தத்துக்கு முந்தைய வருடங்களில் வாடிப்பட்டிப் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் இருபோகம் விளையும் ஒரு கிராமத்தில் வேலை பார்த்தேன். பெரிய வாத்தியார் ஒருவர், சின்ன வாத்தியார் நான். பள்ளிக்கூடக் கட்டடம் பெரிய வீட்டுக்காரருக்குச் சொந்தம். ஊர் நிலத்தில் முக்கால்வாசியும் அவருக்கே சொந்தம். அங்கே ஐந்தாம் வகுப்புக்கு நான் நடத்திய ஒரே ஒரு பாடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இரண்டு வேளைக் கஞ்சி

வாசகப் புத்தகத்தில் அடிமை வியாபாரம் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. கப்பல், சங்கிலி, சந்தையில் ஏலம். வகுப்பில் அன்று இருபத்தேழு பேர். "உங்களில் யாராவது அடிமையைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. "அவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறதா?" என்றேன். இருபத்தேழு கைகளும் எழுந்தன.

அதில் ஒரு கை வீரணனுடையது. அவன் அப்பா சடையன் பெரிய வீட்டுப் பண்ணையாள். தாத்தாவும் அதே பண்ணைதான். அந்தத் தெருவிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வந்த முதல் பிள்ளை இவன். வாசல் ஓரத்தில் தனியாக உட்காருவான். அந்த ஏற்பாட்டைச் செய்தது நான் இல்லை. நான் மாற்றவும் இல்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டுப் பொங்கலன்று பெரிய வீட்டுக்காரர் புதுத் துண்டும், மாடு ஓட்டும் தார்க்குச்சியும் கொடுப்பார். ஊரறிய அதை வாங்கி, ஒரு ராத்திரி தன் வீட்டில் வைத்திருந்தவன் அடுத்த மாட்டுப் பொங்கல் வரை அந்தப் பண்ணையை விட்டு நகரக் கூடாது. அடுத்த வருடமும் குச்சி வரும். வேண்டாம் என்றவனை நான் பார்த்ததில்லை. பையன்களுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தால் குச்சி வந்துவிடும். வீரணனுக்கு வருகிற தை மாதம் பன்னிரண்டு முடிகிறது. இன்னும் ஏழு மாதம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பாடம் முடிந்ததும் சந்தேகம் கேட்கச் சொன்னேன். வீரணன் எழுந்து, "கப்பல்ல அவுகளுக்குக் கஞ்சி ஊத்துவாகளா ஐயா?" என்றான். புத்தகத்தில் பார்த்து, இரண்டு வேளை என்று சொன்னேன். அவன் உட்கார்ந்துகொண்டே சொன்னான்.

"ரெண்டு வேளையா? அப்பத் தேவலையே ஐயா."

சுவரில் கப்பல்

வாயால் சொன்னது ஏறவில்லை. படம் வரைவோம் என்று நினைத்தேன். பழைய பத்திரிகை ஒன்றில் அடிமைக் கப்பலின் உள்தட்டைக் காட்டும் படம் கிடைத்தது. பின்சுவர் முழுக்கக் கரித்துண்டால் அதைப் பெரிதாக வரைந்தேன். நாலு மத்தியானங்கள் ஆயின. வரிசைக்குப் பன்னிரண்டு ஆள், எட்டு வரிசை. ஒருவன் கால் அடுத்தவன் தலையில் இடிக்கும்படி தொண்ணூற்றாறு பேர். பிள்ளைகள் அதை வைத்துப் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை நன்றாகப் படித்துக்கொண்டார்கள். நான் எதிர்பார்த்தது வேறு. ஐந்தாம் நாள் எண்ணியபோது தொண்ணூற்றேழு பேர் இருந்தார்கள். மூன்று தடவை எண்ணினேன். மூலையில் சின்னதாக ஒரு ஆள். "யார் வரைந்தது?" என்றதும் வீரணன் எழுந்து நின்றான். "அங்கன எடம் கெடந்துச்சு ஐயா" என்றான்.

கட்டடத்தில் கரி பூசிவிட்டதாகக் கேள்விப்பட்டு, பெரிய வீட்டுக் காரியஸ்தர் பார்க்க வந்தார். பெரிய வாத்தியார் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார். காரியஸ்தர் வெகுநேரம் படத்தையே பார்த்தார். எனக்குள் ஒரு நம்பிக்கை வந்தது. "நேர்த்தியாத்தான் வரைஞ்சிருக்கீக" என்றார். "ஒரு குறைதான்."

"காவலுக்கு ஒருத்தனையும் காணோமே வாத்தியாரே, அம்புட்டுப் பயலும் ஓடிப்போயிர மாட்டானா?"

கொக்குப் பாட்டு

அடுத்தது பாட்டு. வீட்டில் வேலை செய்யும்போது பாடுவதை ஆளுக்கொன்று எழுதிவரச் சொன்னேன். இருபத்திரண்டு பாட்டுகள் வந்தன. வீரணன் தன் அம்மா நடவு நடும்போது பாடுவதைப் பன்னிரண்டு வரியில் எழுதி வந்தான். வயலில் நிற்கும் கொக்கைப் பார்த்து ஒருத்தி கேட்கிறாள்: எந்த வயலில் வேண்டுமானாலும் போய் நிற்கிறாயே, உனக்கு யாரும் குச்சி கொடுக்கவில்லையா? அந்தப் பன்னிரண்டு வரிக்கு முன்னால் என் ஒன்றரைப் பக்கப் பாடம் வெறும் காகிதமாகத் தெரிந்தது.

கார்த்திகையில் மதுரையிலிருந்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். வீரணனை அதைப் பாட வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்தப் புத்தகம்?" என்றார். "எங்க ஆத்தா" என்றான் வீரணன். இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. கணக்குக் கேட்டார், சொன்னான். எழுதச் சொன்னார், எழுதினான். என்னைத் தனியே அழைத்து அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

"பங்குனிப் பரீட்சை வரை பையன் பெயர் ரிஜிஸ்டரில் இருக்கட்டும், ஹாஸ்டலில் இலவச இடத்துக்கு நான் எழுதுகிறேன், அந்தப் பாட்டை மட்டும் இனிமேல் எங்கேயும் பாட வேண்டாம்."

ஒன்பது பக்க நாடகம்

மிச்சமிருந்தது பரிகாசம். ஒன்பது பக்கத்தில் ஒரு நாடகம் எழுதினேன். ஒரு பிரபு துண்டும் தார்க்குச்சியும் கொடுத்து ஒரு அடிமையை வைத்துக்கொள்கிறார். வெற்றிலை மடிக்க, செருப்பு மாட்ட, கடைசியில் தனக்குப் பசிக்கிறதா என்று சொல்லக்கூட அவருக்கு அடிமை வேண்டியிருக்கிறது. முடிவில் அடிமை, "இனிமே இது ஒங்களுக்குத்தான் தேவைப்படும்" என்று குச்சியைப் பிரபுவின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அடிமை வேஷத்துக்குத் தங்கள் பிள்ளையைத் தர ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. வீரணன்தான் கட்டினான். பதினேழு ஒத்திகை நடந்தது.

மாட்டுப் பொங்கலன்று காலையில் பெரிய வீட்டு வாசலில் குச்சி கொடுத்தார்கள். தெருக்கோடியில் நின்று எண்ணினேன். பதினாலு. வீரணனைக் கூப்பிடவில்லை. இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொல்லிச் சடையன் கெஞ்சியதில், இந்த ஒரு வருடம் பையனை விட்டுவிடுவதாகப் பெரிய வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு இட்டிலி அதிகமாகச் சாப்பிட்டேன்.

மத்தியானம் களத்தில் நாடகம். பெரிய வீட்டுக்காரர்தான் தலைமை. ஒத்திகையில் எல்லாம் சோளத்தட்டைதான் குச்சி. அன்று அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஊரே பார்க்கும் நாடகத்தில் குச்சி சோளத்தட்டையாக இருக்கலாமா? காரியஸ்தரிடம் கேட்டு, காலையில் மிச்சமான புதுக் குச்சி ஒன்றும் துண்டு ஒன்றும் இரவல் வாங்கினேன். முதல் காட்சியில் வீரணன் குனிந்து இரண்டு கையாலும் அதை வாங்கினான். பெரிய வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டாம் காட்சி பாதியில் இருக்கும்போது மேலத் தெருவில் மஞ்சுவிரட்டுக் கொட்டு கேட்டது. சனம் எழுந்து ஓடியது. தலைமை வகித்தவரும் ஓடினார், பிரபு வேஷக்காரனும் ஓடினான். குச்சியைத் திருப்பி வாங்கக் காரியஸ்தரைத் தேடினேன், காணோம். இரவல் பொருள் தொலைந்துவிடக் கூடாதே என்று, "வீட்டில் பத்திரமாக வைத்திருந்து காலையில் கொண்டுவா" என்று வீரணனிடம் சொன்னேன். பெரிய வாத்தியார் திரையைச் சுருட்டிக்கொண்டே என்னைத் தேற்றினார்.

"விடுங்க தம்பி, முதல் காட்சியையாவது ஊரே பாத்துச்சுல்ல."

மூன்று பேச்சு

காலையில் குச்சி வரவில்லை. சடையன் வந்தார். தெருவிலேயே நின்று, "பயலைத் தொழுவத்துக்கு அனுப்பிட்டேன் சாமி" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாக எண்ணிக் காட்டினார். துண்டு வாங்கினான், குச்சி வாங்கினான், ஊர் பார்த்தது, ராத்திரி குச்சி வீட்டுக் கூரையில் இருந்தது. விடிந்ததும் பண்ணையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். "அது வேஷம்தானே?" என்றேன். "வாங்கினதை வாங்கலைன்னு எங்க வகையறாவுல யாரும் சொன்னதில்லை சாமி" என்றார். பெருமையாகச் சொன்னாரா, அழுதாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

பெரிய வீட்டுக்குப் போனேன். வழியில் மூன்று பேச்சுகளைத் தயார் செய்திருந்தேன். ஒன்று நியாயம், ஒன்று கெஞ்சல், ஒன்று இன்ஸ்பெக்டர் பெயரைச் சொல்லும் மிரட்டல். அங்கே ஆறு பேர் இருந்தார்கள். மூன்றும் போய்விட்டன. "ஐயா, அது நாடகம்" என்று மட்டும் வந்தது. பெரிய வீட்டுக்காரர் கோபிக்கவில்லை. உட்காரச் சொன்னார். மோர் கொண்டுவரச் சொன்னார். "அம்புட்டுப் பேரு முன்னால குச்சி வாங்கினவனை விட்டா, மத்தப் பதினாலு பேரும் நானும் நாடகத்துக்குத்தான் வாங்கினேன்னு நாளைக்குக் கெளம்பிருவாங்கே" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். மோரைக் குடித்தேன். எழுந்தபோது தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நாடகம்தான், ரொம்ப நல்லாவும் இருந்துச்சு, ஆனா குச்சி நெசந்தானே வாத்தியாரே?"

பதினாறாம் நாள்

தொடர்ந்து பதினைந்து நாள் வராத பிள்ளையின் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி. நான் ஒவ்வொரு நாளும் வீரணன் பெயருக்கு நேரே வரவில்லை என்று போட்டுக்கொண்டு வந்தேன். பதினாலாம் நாள் பெரிய வாத்தியார் என் மேசைக்கு வந்தார். காரியஸ்தர் வந்தாலே துண்டை இடுப்பில் கட்டுகிறவர் அவர். "ஒரு நாளைக்கு வந்தான்னு போடுங்க தம்பி. பேரு ரிஜிஸ்டர்ல நிக்கும். பரீட்சைக்கு ஒரே ஒரு நாள் நான் போய்க் கேட்டுக் கூட்டியாரேன்" என்றார். "வராத பிள்ளையை வந்ததாக எப்படி அண்ணே எண்ணுவது?" என்றேன். அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். பதினாறாம் நாள் காலையில் அடிக்கோலை வைத்து, சிவப்பு மையால், கோணாமல் ஒரு கோடு போட்டேன். பெரிய வாத்தியார் அதை எட்டிப் பார்த்தார்.

"நேராத்தான் இருக்கு தம்பி."

ஜன்னல்

பங்குனியில் பரீட்சை நடந்தது. இருபத்தாறு பேர் எழுதினார்கள். பதினொரு மணி சுமாருக்கு ஜன்னலுக்கு வெளியே மாட்டுச் சலங்கை கேட்டது. வீரணன் ஒரு சோடி மாட்டை ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். கையில் அந்தக் குச்சி. இரண்டு மாதத்தில் பிடி வழவழப்பாகியிருந்தது. மாட்டை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தான். முதலில் பிள்ளைகளை எண்ணினான். உதடு அசைந்தது தெரிந்தது. பிறகு சுவரைப் பார்த்தான். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் அந்தத் தொண்ணூற்றேழு பேரும் இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தான். அவன் முகத்தில் என் மேல் ஒரு வருத்தமும் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கடைசிக் காட்சி வசனம் எனக்கு இன்னும் மறக்கலை ஐயா, எப்பப் போடுறோம்?"

முப்பத்திரண்டு வருடம் வாத்தியார் வேலை பார்த்ததில் அடிமைத்தனம் என்றால் என்ன என்பதை ஒரே ஒரு பிள்ளைக்கு நான் முழுதாகக் கற்றுக்கொடுத்தேன், அதற்கு வேண்டிய குச்சியையும் நானே போய் இரவல் வாங்கி வந்தேன்.