அத்தானைக் கேட்காமல் போட்ட விண்டோஸ்

என் வீட்டுக்காரர் டெனிஸுக்குக் கண் தெரியாது என்று சொன்னால் எல்லாரும் முதலில் "ஐயோ பாவம்" என்பார்கள். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறார் என்று சொன்னால் உடனே "அடேங்கப்பா" என்பார்கள். இரண்டைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதுகு வலிக்க வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் மேலதிகாரியைத் திட்டுகிற சாதாரண மனுஷர் அவர்.

பெருங்குடியில் ஒரு கம்பெனி. வாடிக்கையாளர்கள் போனில் பேசிய புகார்களைக் கேட்டு, யாருக்கு என்ன குறை என்று சுருக்கி எழுத வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் எங்கள் வீட்டிலிருந்தே செய்கிறார். வலது காதில் யாரோ ஒருவருடைய புலம்பல், இடது காதில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல். அந்தக் குரலை அவர் ஓடவிடுகிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது மட்டும் கை நிற்கும். அது போனதும் விரல்கள் மறுபடி ஓடும்.

அது ஒரு பழைய தமிழ்க் குரல். விற்ற கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். எந்த விசையைத் தட்டினால் எங்கே தாவ வேண்டும், எதை வாசிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகப் பழக்கி வைத்திருந்தார். அந்த லேப்டாப்பில் தூசி தட்டக்கூட என்னை விடமாட்டார். யார் துணையும் இல்லாமல் அவர் ஆள்கிற ஒரே இடம் அதுதான்.

போன வருஷக் கடைசியில் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. விண்டோஸ் பத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாதாம். திங்கட்கிழமைக்குள் பதினொன்றுக்கு மாறாவிட்டால் உள்ளேயே நுழைய முடியாதாம். மாறுவதில் அவருக்குப் பயமில்லை. ஆனால் லேப்டாப் பழசு. விண்டோஸ் எழுந்திரிப்பதற்கு முன்னால் வருகிற திரையில் ஏதோ ஒன்றை முதலில் மாற்றி வைக்க வேண்டும். அந்தத் திரைக்குக் குரல் கிடையாது. அங்கே கண்தான் வேண்டும். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிற எனக்கு அதைப் பார்த்தாலே உதறல் எடுக்கும். அதனால் என் தம்பி அசரியாவை வண்டலூரிலிருந்து சனிக்கிழமை வரச்சொன்னேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான்.

எங்கள் குடும்பத்தில் அக்கா புருஷன் என்றால் தனி மரியாதை. அத்தான் உட்காராமல் அசரியா உட்காரமாட்டான். அத்தான் தட்டில் கறி விழாமல் தன் தட்டைத் தொடமாட்டான். தங்கமான பிள்ளை. அந்தத் தங்கத்தால்தான் வினையே வந்தது.

"எது கேட்டாலும் என்கிட்ட சொல்லுப்பா. நான் சொன்னதுக்கு அப்புறம் அமுக்கு" என்று டெனிஸ் முதலிலேயே சொன்னார்.

"சரிங்க அத்தான், நீங்க ரிலாக்ஸா இருங்க" என்றான் அவன்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்கில் பிரதி எடுத்தான். பாட்டு, பிரசங்கம், ஆபீஸ் காகிதங்கள், கல்யாண ஆல்பம் என்று எதையும் விடவில்லை. டெனிஸ் அவன் பக்கத்து நாற்காலியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மௌஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம், "என்ன கேக்குது?" என்றார்.

"ஒண்ணும் இல்ல அத்தான். நான் பாத்துக்கிறேன்."

மறுபடி ஒரு சொடுக்கு.

"இப்ப என்னப்பா?"

"சும்மா, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்தான் அத்தான்."

இருக்கிறதை அப்படியே வைத்துக்கொள்ளட்டுமா, இல்லை எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று லேப்டாப் கேட்டிருக்கிறது. அதுதான் அந்த நாளின் ஒரே கேள்வி. சுத்தமாகப் போட்டால்தான் பழைய வண்டி நன்றாக ஓடும், பிரதிதான் கையில் இருக்கிறதே என்று அசரியா துடைத்துவிட்டான். அத்தானை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நினைத்தானாம்!

லேப்டாப் எழுந்தது. டெனிஸ் தன் வழக்கமான விசைகளைத் தட்டினார். சத்தமே வரவில்லை. மறுபடி தட்டினார். அசரியா எதையோ தேடி அமுக்க, உள்ளேயிருந்து ஒரு புது ஆள் இங்கிலீஷில், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகப் பேச ஆரம்பித்தான்.

"என் குரல் எங்க?" என்றார் டெனிஸ்.

பிரதி எடுத்த டிஸ்கை அவன் குடைந்து குடைந்து பார்த்தான். அந்தக் குரலும் அவர் பழக்கி வைத்ததெல்லாமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டரில் இருந்திருக்கின்றன. இவன் கண்ணில் பட்டதை மட்டும் எடுத்திருக்கிறான். அவரால் பார்க்கவே முடியாத போட்டோக்கள் அத்தனையும் பத்திரம். அவர் தினம் கேட்டு வேலை செய்த குரல் காலி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டிஸ்கைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக்கூட அவர் வரவில்லை. திரையை வாசித்துச் சொல்லும் வேறொரு ஸ்கிரீன் ரீடரை இறக்கி, புதுத் தமிழ்க் குரல் ஒன்றைப் போட்டுக்கொண்டு அதோடு மல்லுக்கு நின்றார். "நான் படிச்சுச் சொல்லட்டுமாங்க?" என்று இரண்டு தடவை கேட்டேன். "வேணாம்" என்றார்.

திங்கட்கிழமை உள்ளே நுழைந்துவிட்டார். ஆனால் சாயங்காலம் வரை தட்டியும் வழக்கமாகச் செய்வதில் பாதிகூட முடியவில்லை. மேலதிகாரி கூப்பிட்டார். இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்வதாகவும், பிறகும் இப்படியே போனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். திட்டுவதற்குக் காரணம் கிடைத்தும் டெனிஸ் அன்று அவரைத் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

கொஞ்ச நேரத்தில் அசரியா போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தான், சிஸ்டம் இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குப்பா" என்றார் இந்த மனுஷர்.

எனக்குத் தாங்கவில்லை. "என்னடா நல்லா இருக்கு? பாதி வேலைகூட முடியல. வேலையே போயிடும்போல இருக்கு. அவர் பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டாரே, ஒரு வார்த்தை சொன்னியாடா?" என்று கத்தினேன்.

அவன் உடைந்த குரலில், "சாரி அத்தான். சனிக்கிழமை வந்து நானே எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன்" என்றான்.

டெனிஸ் கை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினார். வீட்டுக்கு மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அது போகும்வரை காத்திருந்தார்.

"வாப்பா, கண்டிப்பா வா. ஆனா கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. எனக்கு உன் கண்ணு மட்டும் போதும்."