ஏழு விளையாட்டும் நாற்பது நாள் லீவும்

என் கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் லீவு. முந்தைய லீவில் கிரிக்கெட் ஆடுவதற்கென்று ஒரு கேம் பெட்டி வாங்கி வந்தார். திரும்பிப் போகும்போது அதை டிவிக்குக் கீழேயே விட்டுவிட்டுப் போனார். எனக்குக் கிரிக்கெட் இரண்டே வாரத்தில் அலுத்துவிட்டது. சும்மா இருக்க முடியாத பிறவி நான். ஒரு விண்வெளிக் கதையை எடுத்து ஆடத் தொடங்கினேன்.

பூமியை விட்டுப் போய் நிலாக்களில் குடியேறியவர்களின் சண்டை அது. ஏழு விளையாட்டுகள், அது போக நாவல்கள், படக்கதைகள். ஒன்றரை வருடத்தில் அத்தனையையும் முடித்தேன். முடித்த கையோடு அந்த ரசிகர்கள் கூடும் இணையக் குழுவில் சேர்ந்தேன். புதிதாக வருகிறவர்கள் அங்கே கேட்பது ஒரே கேள்விதான்: “எதிலிருந்து தொடங்கணும்?” நான் காலையில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள். எந்தத் தாள் முதலில், எது அடுத்து என்று தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? கதையில் எது முதலில் நடந்ததோ அதிலிருந்து தொடங்குங்கள் என்று ஒரு பட்டியலே போட்டு வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நன்றி அக்கா என்று கும்பிடு பொம்மை வரும். எனக்குப் பெருமை தாங்காது.

இந்த லீவுக்கு அவர் வந்தபோது அதே பட்டியலைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் போன் பேச்சு செத்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டியா, மழை உண்டா, அம்மா எப்படி இருக்கா. மூன்று கேள்வி முடிந்தால் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். இரண்டு பேருக்கும் ஒரே கதை தெரிந்திருந்தால் பேச என்னமாவது இருக்கும் என்று நினைத்தேன். அந்த ஆசையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கதைப்படி முதலில் வருவது உண்மையில் ஐந்தாவதாக வெளிவந்த விளையாட்டு. சண்டையே கிடையாது. நிலாவில் சுரங்கம் யாருக்கு என்று மூன்று மணி நேரம் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். பேசுகிறவர்களில் யார் பின்னால் துரோகி ஆவான் என்று தெரிந்த எனக்கு அது தேன். அவருக்கோ பஞ்சாயத்து யூனியன் கூட்டம். கன்ட்ரோலரை மடியில் வைத்தபடி கொட்டாவி விட்டார்.

“தூங்குதீங்களா?”

“இல்லட்டி, கேக்கேன். இவன் யாரு?”

“இவனைப் பாத்துக்கிடுங்க. இவன்தான் பின்னால காட்டிக் கொடுப்பான்.”

“அப்ப இவனை நான் எதுக்குப் பாக்கணும்?”

அவர் மெதுவாக நடந்தால் கன்ட்ரோலரைப் பிடுங்கி நானே நடத்துவேன். விருந்துக்குக் கூப்பிட்டு போன் வந்தால் எனக்கு எரிச்சல் வரும். திருவேங்கடத்தில் ஒரு வீடு, இளையரசனேந்தலில் ஒரு வீடு என்று லீவு கரைந்துகொண்டிருந்தது. பதினேழு நாள் போயும் பட்டியலில் முதல் பெயரையே நாங்கள் தாண்டவில்லை.

பதினெட்டாம் நாள் வாசுதேவநல்லூரில் கொழுந்தன் வீட்டு நிச்சயதார்த்தம். மாமியாரும் அங்கேதான் இருக்கிறார். இவருக்குச் சளிக் காய்ச்சல் என்பதால் நான் மட்டும் போய்விட்டு, பந்தி முடிந்ததும் பஸ் பிடித்து மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். மனிதர் சட்டையில்லாமல், தரையில் சம்மணம் போட்டு, டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். திரையில் மூன்றாவது விளையாட்டு. பட்டியலைத் தாண்டி, நட்டநடுவில்!

எனக்கு வந்த கோபத்தில் பையை எங்கே போட்டேன் என்றே தெரியாது. “யாரைக் கேட்டு இதை எடுத்தீங்க? ஒண்ணும் புரியாதே!”

“புரியலட்டி. அதான் ஆடுதேன்.” அவர் திரும்பக்கூட இல்லை. “இந்த டாக்டரம்மா ஏன் கேப்டன்கிட்ட முகங்குடுத்துப் பேச மாட்டேங்கா?”

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டினார்.

“நீ சொல்லாத. ஓட்டவாயி. நீ சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு ஆட?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பட்டியலை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னவர்களில் ஒருவர்கூட இரண்டாவது கதையைப் பற்றி என்னிடம் கேட்க வந்ததில்லை. எல்லாரும் அந்தச் சுரங்கக் கூட்டத்திலேயே தூங்கிப்போயிருப்பார்கள். எல்லாம் தெரிந்தவளுக்கு இனிக்கிற கதையை, ஒன்றும் தெரியாதவர்களுக்கு முதல் வாயாக ஊட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. காலண்டர் தாளைக் கிழித்தேன்.

அதற்குப் பிறகு மத்தியானங்களில் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். தப்பான கதவைத் திறப்பார், தப்பான ஆளை நம்புவார். எனக்குக் கை துறுதுறுக்கும், எழுந்து போய் அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கிண்டிவிட்டு வருவேன். கதை பாதிதான் தாண்டியது. நாற்பது நாள் முடிந்துவிட்டது. துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார்.

நான்காம் நாள் போன் வந்தது. சாப்பிட்டியா என்று கேட்பார் என்று, சாப்பிட்டேன் என்ற பதிலோடு காத்திருந்தேன்.

“ஏட்டி, வேலையில ஏணில நிக்கும்போதும் அதே நெனப்பா இருக்கு. அந்தக் கேப்டன் கடைசில வீட்டுக்குத் திரும்பிருவானா?”

எனக்குத் தெரியும். அவன் திரும்ப மாட்டான். அந்த முடிவுக்கு நான் இரண்டு நாள் அழுதிருக்கிறேன். இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து, கேப்டனுக்காக மட்டுமா அழுதேன் என்று தெரியாமல் அழுதேன். சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“என்னட்டி, சொல்ல மாட்டியா?”

“டிஸ்க்கை நான் வெளிய எடுக்கல. நீங்க விட்ட எடம் அப்படியே இருக்கு,” என்றேன். “வந்து நீங்களே ஆடிப் பாருங்க.”

“ரெண்டு வருசம் ஆவுமே.”

“அதுக்கு முன்னால வாங்க.”

அந்தப் பக்கம் யாரோ அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனை வைக்கவில்லை.