அக்காவுக்கு வந்த போன்

நடந்தது இதுதான்.

1. அப்பா மத்தியப் பிரதேசத்தில் ஒரு செல்போன் வாங்கி ஊருக்கு அனுப்பினார். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி பட்டன் உள்ள போன்.
2. அது யாருக்கு என்பதை என்னிடம் மட்டும் சொன்னார்.
3. அது எனக்கு இல்லை, அக்காவுக்கு.
4. அக்காவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது.
5. அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
6. என் சிம்மை எடுத்து அந்தப் போனில் போட்டேன்.
7. மழைக்காலத்தில் அப்பா ஊருக்கு வந்து கேட்டபோது, அக்கா சொல்லாத ஒரு பதிலை அக்கா சொன்னதாக அவரிடம் சொன்னேன்.

மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. ஒரு பிழை எப்படி வந்தது என்பதைப் படிப்படியாக எழுதிப் பழகிய கை இது. எண் போட்டு எழுதினால் ஏழு வரியில் முடிந்துவிடுகிறது. முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மற்றதையும் எழுதுகிறேன்.

குமாரபாளையத்தில் எங்கள் தெருவில் பகலெல்லாம் விசைத்தறிச் சத்தம்தான். அம்மா தறி ஓட்டினாள். அக்கா அதே பட்டறையில் தார் சுற்றினாள். அதாவது, தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கும் வேலை. பட்டறைக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வார்கள். சாப்பிட்டாயா, நூல் அறுந்துவிட்டது, முதலாளி வருகிறார், அவள் கட்டியிருக்கும் புடவையைப் பார், எல்லாவற்றுக்கும் சாடை உண்டு. அங்கே அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவர்களைவிட வேகமாகப் பேசுவாள். வேலை முடிந்து தெருவுக்கு வந்ததும் அத்தனை பேரும் வாயால் பேசத் தொடங்கிவிடுவார்கள். அக்கா தனியாக நடந்து வருவாள்.

அம்மாவுக்கும் தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. போனில் பேசினால் "என்னது? என்னது?" என்று நாலு தரம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவாள். அதனால் வீட்டுக்கு வரும் போனையெல்லாம் நான்தான் எடுப்பேன். அப்பா திருச்செங்கோட்டிலிருந்து போகும் ஒரு ரிக் வண்டியில் ஓட்டுநர். வடக்கே ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டு போவார்கள். மழை விழுந்து வேலை நின்றால்தான் ஊருக்கு வருவார். வருடத்தில் பத்து மாதம் அவர் எங்களுக்கு ஒரு குரல் மட்டும்தான். அக்காவுக்கு அதுவும் கிடையாது. அவர் பேசியதை நான் கையால் அவளுக்குச் சொல்வேன். அவள் கையால் சொன்னதை வாயால் அவருக்குச் சொல்வேன். அக்கா எனக்கு வைத்திருந்த சாடைப் பெயர், காது மடலைத் தொட்டுக் காட்டுவது. அது எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு மதியம் அப்பா கூப்பிட்டார்.

"சாமி, நம்ம பெரியவளுக்கு ஒரு போனு வாங்கியிருக்கறேன். பேச வராத புள்ளைக்கு மெசேஜ் அடிக்க எது லேசுன்னு கடைக்காரங்கிட்ட அரமணி நேரம் கேட்டுத்தான் எடுத்தேன். எழுத்துக்கு ஒரு பொத்தானாமா. நம்ம வண்டிக்காரர் ஒருத்தரு ஊருக்கு வாராரு, திருச்செங்கோட்டு ஆபீசுல வெச்சிருப்பாரு. வாங்கி அவகிட்டக் குடுத்துரு."

"சரிங்கப்பா."

"அவகிட்டச் சொல்லு, நானேதான் பாத்து எடுத்தேன்னு."

"சொல்றனுங்கப்பா."

வாங்கப் போகும்போது எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியைப் பிரித்தேன். கறுப்புப் போன். திரைக்குக் கீழே நாலு வரிசையில் பொடிப்பொடியாகப் பட்டன்கள். வகுப்பில் இரண்டு பேரிடம் அப்படிப்பட்ட போன் இருந்தது. இருவரும் ஈரோட்டிலிருந்து வருகிறவர்கள். ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று என் சிம்மைப் போட்டேன். குமாரபாளையம் வருவதற்குள் எட்டுப் பேருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தேன்.

அன்று இரவே மனசுக்குள் ஒரு பட்டியல் போட்டேன். எனக்குப் பாடக் குறிப்பு அனுப்ப வேண்டும். அக்கா பழைய போனுக்குப் பழகிவிட்டாள். பட்டறையில் எண்ணெயும் பஞ்சுத் தூசும் பட்டால் புதுப் போன் கெட்டுவிடும். அவள் ஆறேழு பேருக்குத்தான் மெசேஜ் அனுப்புகிறாள். படிப்பு முடிந்ததும் கொடுத்துவிடலாம். ஐந்து காரணங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இத்தனை காரணம் தேவைப்பட்டதே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "உங்கப்பன் அனுப்புச்சதா? படிப்புக்கா?" என்று உரக்கக் கேட்டாள்.

"ஆமா."

"ரெண்டு பொட்டப்புள்ளைல ஒண்ணுக்கு மட்டும் வாங்கியிருக்குதே அந்த மனுசன்" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். பழியும் அப்பா மேல் போய் விழுந்தது.

அக்கா போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பட்டனாகத் தடவினாள். ஒரு விரலைக் காட்டி, இன்னொரு விரலைக் காட்டி, ஒன்றுக்கு ஒன்றா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பத்து நிமிடம் கொடு என்றாள். தன் சிம்மை அதில் மாற்றிக்கொண்டு மோகனூரில் இருக்கும் தோழிக்கு அடிக்க ஆரம்பித்தாள்.

அக்கா மெசேஜ் அனுப்பும் அந்த ஆறேழு பேரும் சேலத்தில் காது கேளாத பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் அவளோடு படித்தவர்கள். ஒருத்தி மோகனூர், ஒருத்தி சேந்தமங்கலம், மற்றவர்கள் ஆத்தூர்ப் பக்கம். தினமும் ஆறு மணிக்கு வேலை முடிந்து ஏழு மணி வரை ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்பிக்கொள்வார்கள். அக்கா என் கையை எதிர்பார்க்காமல் யாருடனாவது மனம்விட்டுப் பேசினாள் என்றால் அது அந்த ஒரு மணி நேரம்தான். பழைய போனில் ஒரு எழுத்துக்கு மூன்று தரம், நாலு தரம் அமுக்க வேண்டும். அவள் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அவளுக்கு 'ஆமை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் அவள் நிற்கவே இல்லை. இரண்டு கட்டைவிரலும் ஓடின. பதில் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தபடி என்னிடம் காட்டினாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள் தோழி: 'ஏய், யாருடி நீ? எங்க ஆமைய என்ன பண்ணுன?'

பத்து நிமிடம் ஆனதும் அவளே சிம்மைக் கழற்றினாள். போனைத் தாவணி முனையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். நல்லாப் படி என்று காட்டினாள். அப்போது சொல்லியிருக்கலாம். வாய்கூடத் திறக்க வேண்டியதில்லை. போனைக் காட்டி, அப்பாவைக் காட்டி, அவளைக் காட்டினால் போதும், மூன்று சாடை. நான் போனை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. மாலை ஆறு மணிக்குப் பழைய போனை வைத்துக்கொண்டு உட்காருவாள். போகப் போக அடிப்பது குறைந்து, வருவதைப் படிப்பது மட்டும் மிஞ்சியது. சில நாள் நானே போனை நீட்டுவேன். உனக்கு மெசேஜ் வரும், வை என்று தள்ளிவிடுவாள். உண்மையிலேயே எனக்கு மெசேஜ் வந்துகொண்டேதான் இருந்தது. அதில் நினைவு வைத்துக்கொள்ளும்படி ஒன்றுகூட இல்லை.

ஆடியில், வடக்கே மழை பிடித்ததும், அப்பா வந்தார். வெயிலில் கறுத்து, முழங்கை வரை கிரீஸ் வாசத்தோடு. அம்மா பட்டறையில் இருந்தாள். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் மடியில் பழைய போன் கிடந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இவகிட்டப் பழசு கெடக்குது? நான் அனுப்புனது எங்க?"

"இருக்குதுங்கப்பா. எங்கிட்ட இருக்குது."

"உங்கிட்டயா? ஏன், அவளுக்குப் புடிக்கலையா? கேளு அவள."

நான் அக்கா பக்கம் திரும்பினேன். பட்டறையில் வேலை எப்படிப் போகிறது என்று அப்பா கேட்கிறார் என்று கையால் சொன்னேன். அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேஸ்திரியைப் போல் தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து காட்டினாள். அவன் குரங்கு, ஆனால் வேலை பரவாயில்லை என்றாள். அப்பா ரோட்டுத் தாரைவிடக் கறுத்துவிட்டார் என்று சொல், என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் அப்பா பக்கம் திரும்பினேன்.

"பொத்தான் ரொம்பப் பொடுசா இருக்குதாமுங்கப்பா. வெரலு மாறி மாறி உழுகுதாம். பழசே போதும்னு எனக்குக் குடுத்துட்டா."

அக்கா சிரித்துக்கொண்டிருந்ததால் அப்பாவும் சிரித்தார். "அட கிறுக்குப் புள்ள. நானும் அந்தக் கடைக்காரன எம்புட்டுத் தரம் கேட்டேன்! எனக்கு என்ன தெரியுது போ" என்றார். பிறகு அவளைப் பார்த்து, தன் நெஞ்சைத் தொட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கிச் சிறிதாகக் காட்டி, கையை விரித்தார். சின்னதாக வாங்கிவிட்டேன், தப்புதான் என்று தனக்குத் தெரிந்த சாடையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

அக்காவுக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள்.

நீ ரொம்ப மெலிந்துவிட்டாயாம் என்றேன்.

இரண்டு பேரும் என்னை நம்பினார்கள். நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. என்னை உறுத்துவது போன் அல்ல, இதுதான்.

அடுத்த தீபாவளிக்கு அப்பா எனக்குப் போன் செய்து, அக்காவுக்கு என்ன நிறத்தில் சேலை எடுக்கலாம் என்று கேட்டார். அதற்கு முன்னால் அவர் அப்படிக் கேட்டதில்லை. நாக்பூரிலிருந்து வளையல், ராய்ப்பூரிலிருந்து போர்வை என்று அவராகவே எதையாவது எடுத்து வருவார். அது நின்றுவிட்டது. "நமக்கு அவ மனசு தெரிய மாட்டேங்குது சாமி, நீயே எடுத்துரு" என்பார். நானும் எடுத்துக் கொடுத்தேன். படிப்பு முடிவதற்குள் அந்தப் போனில் பாதிப் பட்டன் வேலை செய்யாமல் போயிற்று. கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

இப்போது எல்லோர் கையிலும் தொடுதிரைப் போன். அக்காவும் அவள் தோழிகளும் வீடியோவில் பார்த்துக் கையாலேயே பேசுகிறார்கள். யாரும் யாரையும் ஆமை என்பதில்லை. முதுகுவலி வந்து அப்பா ரிக்கை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். நான் பெங்களூரிலிருந்து மாதம் ஒன்றிரண்டு முறை வருகிறேன்.

போன மாதம் வந்தபோது, அக்காவின் போன் திரை உடைந்திருந்தது. அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவளுக்கு ஒரு போனு எடுக்கோணும். எது புடிக்கும்னு நீயே கேட்டுச் சொல்லு. போன வாட்டி நானாப் பாத்து எடுத்து அவளுக்கு ஆகாமப் போச்சு."

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது அவருக்குப் 'போன வாட்டி'யாக இருந்தது.

அன்று மாலை மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அக்காவிடம் சொன்னேன். வரிசையாக, ஏழையும் சொன்னேன். போன் அவளுக்கு வந்தது என்றதற்கு அவள் பெரிதாக எதுவும் காட்டவில்லை. கழுதை, திருடி என்று காட்டிவிட்டுத் துணியை மடித்தாள். ஆனால் அன்று அப்பாவிடம் நான் என்ன சொன்னதாகச் சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன். அவர் எனக்கு என்ன சொன்னார் என்று கேட்டாள். அப்பா செய்த சாடையை அப்படியே செய்து காட்டினேன்: நெஞ்சு, சின்ன அளவு, விரித்த கை.

அவள் மடித்த துணியைக் கீழே போட்டாள். மெலிந்துவிட்டேன் என்று அவர் வருந்துகிறார் என்று நினைத்து, அவர் வரும்போதெல்லாம் அவர் கண் முன்னால் இரண்டு தோசை கூடத் தின்றேனே, வயிறு வெடிக்கத் தின்றேனே, நாயே, என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. இனிமேல் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நீ பேச வேண்டாம் என்றாள். காதைத் தொட்டுக் காட்டவில்லை. என்னை நேராக விரல் நீட்டி 'நீ' என்றாள்.

இப்போது அக்கா போனில் பெரிய எழுத்தில் தமிழில் அடித்து அப்பாவிடம் நீட்டுகிறாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பதிலை ஒரு நோட்டில் எழுதுகிறார். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் ஐந்து நிமிடம் ஆகிறது. இருவரும் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஊருக்கு வந்தாலும் என்னைக் கூப்பிடுவதில்லை.

பழைய விஷயத்தை அக்கா அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான்தான் என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். அவளிடம் சொல்லி நாற்பது நாள் ஆகிறது. இரண்டு தரம் ஊருக்குப் போய் வந்துவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தான் பார்த்து எடுத்த போன் மகளுக்குப் பிடிக்கவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.